நாற்காலி கிரீச்சிடும் ஆல்பங்கள்

அக்கா மகன் ஒரு நாள் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். அரை நிமிடம் போயிருக்காது, மறுபடி பிடுங்கினான். "மாமா, இது கெட்டுப்போய்விட்டது. பியானோவுக்குப் பின்னால் ஏதோ முனகிக்கொண்டே இருக்கிறது" என்றான்.

ஒன்றும் கெடவில்லை. முனகியது பியானோ வாசித்த கிளென் கூல்ட்.

பையனுக்குப் பதினேழு வயது. பாட்டுகளை எந்த ஒழுங்கும் இல்லாமல் கலைத்துப்போட்டுக் கேட்கிறவன். எந்தப் பாட்டு எந்த ஆல்பத்தில் வந்தது, அதற்கு முன்னால் என்ன வரும், பின்னால் என்ன வரும் என்றெல்லாம் அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வந்ததில்லை. போன மாதம் திடீரென்று, "உங்களுக்குப் பிடித்த பத்து ஆல்பம் சொல்லுங்கள், எல்லா வகையிலும் வேண்டும்" என்று கேட்டுவிட்டான். பட்டியல் கேட்டால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் இதே கேள்வியைக் கேட்டார். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஜாஸ், ராக், கர்நாடகம், இந்துஸ்தானி, மேற்கத்தியச் செவ்வியல், ஆப்பிரிக்கா என்று கட்டம் கட்டி நாற்பது ஆல்பங்கள் எழுதி, நட்சத்திரக் குறியெல்லாம் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து எப்படி இருந்தது என்று விசாரித்தேன். "பட்டியல் ரொம்ப நன்றாக இருந்தது" என்றார். நாற்பதில் ஒன்றைக்கூட அவர் கேட்டிருக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். பசிக்கிறது என்று வந்தவர் கையில் அகராதியைக் கொடுத்தால் என்ன செய்வார்?

அதனால் இப்போது ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஓர் ஆல்பம்தான் கொடுக்கிறேன். கூடவே, எந்த நிமிடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவேன். "அற்புதம்", "கேட்டே ஆக வேண்டும்" என்ற சொற்களால் யாரும் எதற்குள்ளும் நுழைந்ததாக எனக்குத் தெரியவில்லை. "ஒன்றரை நிமிடத்தில் ஒரு தாளத்தட்டை ஒருவர் கொஞ்சம் ஓங்கி அடித்துவிடுவார், பார்" என்றால் நுழைந்துவிடுகிறார்கள்.

இப்படிக் கொடுத்துக்கொண்டே வந்ததில் என் ரசனையைப் பற்றி எனக்கே ஒன்று பிடிபட்டது. வகை எதுவானாலும் சரி, ஒலிப்பதிவு நடந்த இடம் காதில் விழுகிற ஆல்பங்களைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். சுவர், கூரை, நாற்காலி, மூச்சு, யாரோ சிரிப்பது. சுத்தமாகத் துடைத்து வைத்த இசையை மதிக்கிறேன்; அதோடு குடித்தனம் நடத்த முடிவதில்லை.

கூல்டுக்கு வருகிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் 1741-இல் அச்சானது. ஆரியா என்கிற ஒரு மெட்டு, அதன் மேல் முப்பது மாறுபாடுகள், கடைசியில் அதே ஆரியா மறுபடியும். கூல்ட் இதை 1955 ஜூன் மாதம் நியூயார்க்கில், கொலம்பியா நிறுவனத்தின் 30-ஆவது தெரு ஸ்டூடியோவில் வாசித்துப் பதிந்தார். வயது 22. அப்பா கால்களை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்த ஒரு மடக்கு நாற்காலியைக் கையோடு கொண்டுபோனார். போகிற இடமெல்லாம் அதில்தான் உட்காருவார். முகவாய் கிட்டத்தட்ட பியானோ விசைப்பலகைக்கு வந்துவிடும். வாசிக்கும்போது அவரை அறியாமல் கூடவே முனகுவார். அதை நிறுத்த அவராலும் முடியவில்லை, ஒலிப்பதிவாளர்களாலும் முடியவில்லை. அந்த முதல் ஆல்பம் முப்பத்தெட்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். யாரோ துரத்துகிற மாதிரி ஓட்டம்.

1981-இல், அதே ஸ்டூடியோவில், அதே நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி பதிந்தார். இந்தத் தடவை 51 நிமிடம். முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் கடந்துபோன ஆரியா இதில் மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. ஒவ்வொரு சுவரத்தையும் கீழே வைக்கும் முன் ஒரு கணம் கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருக்கும். முனகலும் நன்றாகவே கேட்கும். ஆல்பம் வெளிவந்த சில வாரங்களில், 1982 அக்டோபர் 4 அன்று, ஐம்பது வயது முடிந்த ஒன்பதாவது நாள் அவர் இறந்துபோனார்.

பெரும்பாலானவர்கள் 1955-ஐ முதலில் கேட்கச் சொல்வார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். 1981-ஐ முதலில் கேளுங்கள். பெரியவர் ஒருவரோடு பழகிவிட்டு, பிறகு அவருடைய வாலிப வயதுப் புகைப்படத்தைப் பார்த்தால் சிரிப்பு வருமே, அந்தச் சிரிப்புக்காக.

பையன் இரண்டையும் கேட்டான். முனகலை முதலில் பழுது என்றவன், மூன்றாவது நாள் அந்த முனகல் பியானோவில் இல்லாத வேறொரு மெட்டைப் பாடுகிறது என்று வந்து சொன்னான். எனக்கு இருபது வருடம் பிடித்த விஷயம்.

அந்த 30-ஆவது தெரு ஸ்டூடியோ முன்பு ஒரு தேவாலயமாக இருந்த கட்டடம். கூரை அவ்வளவு உயரம். 1959 மார்ச் 2-ஆம் தேதியும் ஏப்ரல் 22-ஆம் தேதியும் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தன் ஆட்களோடு அதே கூரையின் கீழ் உட்கார்ந்துதான் 'கைண்ட் ஆஃப் புளூ'வைப் பதிந்தார். ஜாஸ் எனக்குப் புரியாது என்று சொல்பவர்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான். சிபாரிசு கொஞ்சம் பழசு, யார் கேட்டாலும் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் சுலபமான வாசல் இருக்கும்போது சுவர் ஏறிக் குதிக்கச் சொல்வானேன்? முதல் உருப்படி 'ஸோ வாட்'. டபுள் பாஸ் ஒரு கேள்வி கேட்கும். மற்றவர்கள் இரண்டே சுவரத்தில் பதில் சொல்வார்கள். இது கொஞ்ச நேரம் நடக்கும். பிறகு சுமார் ஒன்றரை நிமிடத்தில், டேவிஸின் டிரம்பெட் தனி ஆவர்த்தனம் தொடங்குகிற இடத்தில், டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலை ஒரு அடி அடிப்பார். கொஞ்சம் ஓங்கி அடித்துவிட்டோமோ என்று அவரே நினைத்தாராம். அந்த ஓசை உடனே அடங்காது. மேலே போய், கூரையில் தங்கி, நிதானமாக இறங்கும். அது இறங்கி முடிவதற்குள் டிரம்பெட் நடக்க ஆரம்பித்திருக்கும். ஜாஸில் மனோதர்மம் என்றால் என்ன என்பதற்கு இந்தப் பத்து விநாடியை விட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

இதே ஆல்பத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. மார்ச் 2 அன்று ஓடிய டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். ஆகவே முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் உண்மையில் வாசித்ததைவிடத் துளி மேலே ஒலித்தன. 1990-களில்தான் சரிசெய்த பதிப்பு வந்தது. அதுவரை முப்பது வருடங்களுக்கு மேல், இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

கீத் ஜாரெட்டின் 'தி கோல்ன் கான்செர்ட்' என் வீட்டில் ஒரு சண்டைக்குக் காரணமான ஆல்பம். ஒரே மனிதர், ஒரே பியானோ, கையில் எழுதி வைத்தது எதுவும் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல். என் மனைவிக்கு இது சாதகம் பண்ணுகிற சத்தம். எனக்கு இது வேறு. 1975 ஜனவரி 24. ஜெர்மனியில் கோல்ன் நகர ஓபரா அரங்கம். கச்சேரியை ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டெஸ் என்கிற பதின்பருவப் பெண். ஜாரெட் கேட்டிருந்தது பெரிய பேசன்டார்ஃபர் கச்சேரி பியானோ. மேடையில் இருந்ததோ ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னது. மேல் சுவரங்கள் தகரம் மாதிரி, கீழ் சுவரங்களில் கனமே இல்லை, பெடல் சரியாக வேலை செய்யவில்லை. ஜாரெட்டுக்கு முதுகு வலி, தூக்கமும் இல்லை. வாசிக்க மாட்டேன் என்றார். மாற்று பியானோவுக்கு வழியில்லாமல் போக, அந்தப் பெண் கெஞ்சி, அவர் இறங்கி வந்து, இருந்ததையே முடிந்தவரை சுருதி சேர்த்து, அன்று மாலை நடந்த ஓபரா முடிந்த பிறகு இரவு பதினொன்றரைக்குக் கச்சேரி தொடங்கியது.

அந்தப் பியானோவில் நன்றாக இருந்தது நடுப்பகுதி மட்டும்தான். ஜாரெட் அங்கேயே குடியேறிவிட்டார். கீழே கனம் இல்லாததை ஈடுகட்ட இடது கையில் ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப, பிடிவாதமாக, தாளமாகவே போடுகிறார். ஆல்பத்தின் வசீகரமே அந்தப் பிடிவாதம்தான். நல்ல பியானோ கிடைத்திருந்தால் வேறு ஏதோ வாசித்திருப்பார். இதை வாசித்திருக்க மாட்டார்.

நுழைய வேண்டிய இடம் முதல் சில விநாடிகள். இருக்கைகளுக்குத் திரும்பச் சொல்லி அந்த அரங்கில் அடிக்கும் மணியின் மெட்டை அவர் அப்படியே எடுத்து வாசித்துத்தான் தொடங்குகிறார். கூட்டத்தில் சிலர் அதைக் கண்டுகொண்டு சிரிப்பது லேசாகக் கேட்கும். எரிச்சலும் அசதியுமாக மேடைக்கு வந்த ஒருவர், கூடியிருந்தவர்களோடு சேர்ந்து ஒரு சின்னக் கிண்டல் செய்துவிட்டு, அந்தக் கிண்டலிலிருந்தே 26 நிமிடம் கட்டி எழுப்புகிறார். இவரும் முனகுவார், காலால் தரையை உதைப்பார். "பியானோக்காரர்கள் எல்லாருமே இப்படித்தானா?" என்று பையன் கேட்டான்.

வரிசையாக ஏன் கேட்க வேண்டும் என்றும் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆல்பம் என்ற பெயரே புகைப்பட ஆல்பத்தின் உறவுதான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய தட்டுகளில் பக்கத்துக்கு நாலைந்து நிமிடத்துக்கு மேல் இடம் கிடையாது. நீளமான சங்கீதம் என்றால் பல தட்டுகளை உறையில் போட்டுப் புத்தகம் மாதிரி கட்டி விற்றார்கள். 1948-இல் எல்.பி. தட்டு வந்து பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்த பிறகுதான் எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்ற யோசனையே ஒரு கலையானது. இதையெல்லாம் சொன்னால் அவன் கொட்டாவி விடுவான். ஆகவே சொல்லாமல் 'கால் ஆஃப் த வேலி'யை அனுப்பினேன். 1967-இல் வந்தது. சிவ்குமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிதார். காஷ்மீர ஆட்டிடையன் ஒருவனுடைய ஒரு நாள்தான் கதை. விடிகாலையில் ஆஹிர் பைரவ். பொழுது ஏற ஏற ராகமும் மாறிக்கொண்டே போய், இரவில் பஹாடியில் முடியும். "இதைக் கலைத்துப்போட்டுக் கேட்டால் அவன் இரவுக்கு அப்புறம் மத்தியானம் எழுந்து, அதற்கப்புறம் விடிகாலையில் காதலிக்க வேண்டியிருக்கும்" என்று மட்டும் எழுதினேன். வரிசையாகக் கேட்டதாகச் சத்தியம் செய்கிறான்.

கூல்ட் வழியாகப் பாக்கிடம் போனவனை அங்கிருந்து இளையராஜாவிடம் கூட்டிவருவது ஒரே எட்டுதான். 'ஹௌ டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். வயலின் வி. எஸ். நரசிம்மன். இதில் 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்ற பொருளில் பெயர் வைத்த ஓர் உருப்படி உண்டு. தனி வயலினுக்குப் பாக் எழுதிய மூன்றாம் பார்த்தீட்டாவின் முன்னிசை அதில் ஏறக்குறைய அப்படியே ஓடும்; அதைச் சுற்றி இளையராஜாவின் வயலின்கள் பேச்சுக்கொடுக்கும். விருந்தாளி பேசிக்கொண்டே போக, வீட்டுக்காரர் குறுக்கே பேசாமல், ஆனால் சும்மாவும் இருக்காமல், சரியான இடத்தில் ஒரு வார்த்தை போடுகிற சாதுரியம். முதலில் பாக்கின் மூலத்தை ஒரு தடவை தனியாகக் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். எந்த வயலின் வீட்டுக்காரர் என்று கண்டுபிடிப்பதே பாதி இன்பம். ஆல்பம் முழுக்க ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் அந்தக் காலத்து எலக்ட்ரானிக் ஓசைகள் நரைத்துப்போயிருக்கின்றன. அவர் சினிமாப் பாடல்களைக் கரைத்துக் குடித்த எத்தனையோ பேர் இதை ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொரு தேவாலயம். 'எ மீட்டிங் பை த ரிவர்', 1993. விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையும் (பெயர்தான் வீணை, கிதாரை மாற்றிச் செய்தது) ரை கூடரின் ஸ்லைடு கிதாரும். இருவரும் முதன்முதலாகச் சந்தித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், கலிபோர்னியாவில் ஒரு தேவாலயத்தில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்களாம். நாலே உருப்படி. மைக்கும் மிகக் குறைவு. சுவர்களின் முழக்கம்தான் இன்னொரு வாத்தியம். ஒருவர் ஒரு சுவரத்தை வழுக்கிக்கொண்டே கொண்டுபோய் விட்டதும் மற்றவர் அங்கிருந்தே வாங்கிக்கொள்வார். இருவருக்கும் பொதுமொழி அந்த வழுக்கல்தான். கூடச் சிறு கைமுரசு வாசிப்பது கூடரின் மகன், அப்போது பதினாலு வயது. பையனிடம் இதைச் சொன்னதுதான் தாமதம், அன்றைக்கே கேட்டுவிட்டான். வயதுப் பொறாமை நல்ல வாசல்.

தேவாலயம்தான் வேண்டும் என்றில்லை. 1982 ஜனவரியில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தான் குடியிருந்த வீட்டிலேயே உட்கார்ந்து, நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் கிதாரும் ஹார்மோனிகாவுமாகச் சில பாட்டுகளைப் பதிந்தார். பின்னால் தன் இசைக்குழுவோடு ஸ்டூடியோவில் ஒழுங்காகப் பதிவதற்கான மாதிரிதான் அது. குழுவோடு பதிந்து பார்த்தார்கள். எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது. உறைகூட இல்லாமல் அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டே கடைசியில் 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது. டேப் இரைச்சல் முழுக்கக் கேட்கும். அந்த இரைச்சலை நீக்கிவிட்டால் அந்தப் பாட்டுகளில் வரும் மனிதர்கள் குளிரில் நிற்பதை நம்ப முடியாது. இதைப் பகலில் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தூக்கம் வராதவர்களுக்கு இதைவிட மென்மையானது நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்', 1972. மொத்தமே 28 நிமிடம். இரண்டு ராத்திரியில் பதிந்தது. குரல், கிதார், ஒரே ஒரு பாட்டில் கொஞ்சம் பியானோ. தந்தியில் விரல் நகர்கிற ஓசைதான் அந்த ஆல்பத்தின் தாளம்.

இடத்தின் ஓசையை நம்பி நான் ஏமாந்ததும் உண்டு. ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் ஃபால்சம் சிறையில், கைதிகள் முன் பாடிய ஆல்பம். சிறை ஒலிபெருக்கியின் அறிவிப்புகள்கூட அப்படியே கேட்கும். அதில் முதல் பாட்டில், ஒருவன் சாவதைப் பார்ப்பதற்காகவே அவனைச் சுட்டேன் என்கிற வரிக்கு ஒரு ஆரவாரம் எழும். எத்தனையோ வருடம் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கிறது. பிறகுதான் படித்தேன்: அந்த ஆரவாரம் அந்த இடத்தில் எழவே இல்லை, பின்னால் ஸ்டூடியோவில் ஒட்டியது. காவலர்கள் சுற்றி நிற்கும்போது அந்த வரிக்குக் கைதட்டக் கைதிகளுக்கு என்ன பைத்தியமா? இப்போதும் கேட்கிறேன். ஆனால் அந்த இடம் வந்ததும், ஒட்டாத பதிவில் இருந்த மௌனத்தை நானே நினைத்துக்கொள்கிறேன். அது இன்னும் பயமாக இருக்கிறது.

ஹிப்-ஹாப்பில் பையன் எனக்கு வாத்தியார். இருந்தாலும் ஒன்று கொடுத்தேன்: எ டிரைப் கால்டு குவெஸ்டின் 'த லோ எண்ட் தியரி', 1991. பெயருக்கேற்றபடி எல்லாமே அடித்தளச் சுவரங்களில் நிற்கும் ஆல்பம். அதில் ஒரு பாட்டுக்கு நேரில் வந்து டபுள் பாஸ் வாசித்தவர் ரான் கார்ட்டர், 1960-களில் மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்தவர். இதைக் கேட்டதும் பையன் நேராக 'கைண்ட் ஆஃப் புளூ'வுக்குப் போய், அதில் பாஸ் வாசித்தவர் வேறொருவர் என்று கண்டுபிடித்து என்னைத் திட்டினான். பால் சேம்பர்ஸ் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பதிலுக்கு அவன் எனக்குக் கொடுத்தது டி.ஜே. ஷாடோவின் 'எண்ட்ரோடியூஸிங்', 1996. கிட்டத்தட்ட முழுக்க முழுக்க பழைய தட்டுகளிலிருந்து வெட்டிய துண்டுகளால் தைத்தது. இதில் இடம் எங்கே என்று முதலில் எனக்குப் புரியவில்லை. நாலைந்து முறை கேட்ட பிறகு, எங்கெங்கோ யார் யாரோ வாசித்த அறைகளின் காற்று ஒவ்வொரு துண்டோடும் ஒட்டிக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது. பின்னணிப் பொரிச்சல் ஒவ்வொன்றும் ஒரு விதம். தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' எங்கே என்று கேட்பீர்கள். அதற்கு என் சிபாரிசு தேவையில்லை. பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' எனக்குப் பிடித்த ஆல்பம் இல்லை, ஆனால் கணக்கு எழுதும்போது அதைத்தான் போடுகிறேன். வெவ்வேறு நீளமுள்ள டேப் வளையங்கள் தம்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், நானும் என் பாட்டுக்குக் கூட்டிக்கொண்டிருப்பேன்.

நேற்று ராத்திரி பையனிடமிருந்து நாற்பது விநாடி ஒலித்துண்டு ஒன்று வந்தது. அவனே கீபோர்டில் கோல்ட்பெர்க் ஆரியாவின் முதல் சில சுவரங்களைத் தடவித் தடவி வாசித்து போனில் பதிந்திருக்கிறான். நாற்காலி இரண்டு தடவை கிரீச்சிடுகிறது. ஏழாவது விநாடியில் ஒரு சுவரம் தப்பு, அதைத் திருத்தாமல் மேலே போகிறான். முப்பத்தைந்தாவது விநாடியில் பக்கத்து அறையிலிருந்து அக்காவின் குரல்: குளியலறை விளக்கை அணைத்தாயா, இல்லையா?

கீழே எழுதியிருந்தான்: "மாமா, கடைசியில் வரும் அம்மாவை வெட்டிவிடட்டுமா?"

"வெட்டாதே. விளக்கை அணை" என்று பதில் போட்டேன்.